பூஸ்டர் போட்ட பிறகு படம் ஏன் இன்னும் மோசமானது?

கேள்வியின் சுருக்கம் இது. டிவி ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து எட்டு கிலோமீட்டரில் வீடு, கூரையில் ஆன்டெனா. புது டிவியில் சிக்னல் பட்டை 95 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. ஒரே கோபுரத்திலிருந்து வரும் சேனல்களில் சில கண்ணாடி மாதிரி இருக்கின்றன, சில எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காற்றடித்தால் இன்னும் மோசம். பூஸ்டர் வாங்கி மாட்டியதும் அதுவரை வந்துகொண்டிருந்தவையும் போயின. அதே வயரைப் பக்கத்து அறையிலுள்ள பழைய செட்டாப் பாக்ஸில் செருகினால் பரவாயில்லாமல் வருகிறது. புது டிவியின் டியூனர் (வேண்டிய சேனலைப் பிடித்துத் தரும் பகுதி) கோளாறா, ஆன்டெனாவை மாற்ற வேண்டுமா?

டியூனர் கெடவில்லை என்றே நினைக்கிறேன். ஆன்டெனாவை மாற்றவும் அவசரப்படாதீர்கள். பட்டை நிறைந்து வழிகிறபோதே பூஸ்டர் வாங்கியிருக்கிறீர்கள் பாருங்கள், தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. உங்கள் டிவிக்குப் போகிற சிக்னல் குறைவாக இல்லை. தேவைக்கு மேல் போகிறது, அதுவும் அழுக்காகப் போகிறது. டியூனர் சோதிக்கிற மேஜையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். "சிக்னல் பத்தவில்லை" என்று வந்த புகார்களில் நிஜமாகவே பத்தாமல் இருந்தவை பாதிகூடத் தேறாது.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றி. அது எதை அளக்கிறது என்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியதைக் காட்டுகிறார். பெரும்பாலும் "வலிமை" என்ற பட்டை, டியூனருக்குள் இருக்கும் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு எந்த நிலையில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே வருவது நீங்கள் கேட்ட சேனலா, பக்கத்துச் சேனலா, பூஸ்டர் கிளப்பிய இரைச்சலா என்று அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். பார்க்க வேண்டியது "தரம்" என்ற இன்னொரு பட்டை. உங்கள் டிவி மெனுவில் அது இருந்தால், இனி வலிமைப் பட்டையை மறந்துவிடுங்கள்.

பழைய அனலாக் டிவி இந்த விஷயத்தில் நேர்மையானது. சிக்னல் குறைந்தால் திரையில் ஈ மொய்க்கும், எதிரொலி வந்தால் ஆளுக்குப் பக்கத்தில் நிழல் ஆள் நிற்பார், பக்கத்துச் சேனல் தொல்லை கொடுத்தால் கோடு ஓடும். நோய்க்குத் தகுந்த அறிகுறி இருந்தது. டிஜிட்டலில் எந்த நோய்க்கும் ஒரே அறிகுறிதான்: கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் உறையும், அப்புறம் கறுப்பு. சேதமான தகவலைச் சரிசெய்யும் பிழைதிருத்தம் தாங்குகிறவரை படம் முழுசு. தாங்காத இடத்தில் மொத்தமும் சரிந்துவிடும். அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சியில் அந்தச் செங்குத்துச் சரிவு, சிக்னல் இரைச்சலைவிட சுமார் 15 டெசிபல் மேலே இருக்கும் இடத்தில் வருகிறது. (டெசிபல் மடங்கைச் சொல்லும் அளவு: 10 என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு.) அதற்கு ஒரு டெசிபல் மேலே நின்றால் படத்தில் குறையே தெரியாது. ஒரு டெசிபல் கீழே போனால் படமே இல்லை. ஐரோப்பாவில் தொடங்கிய டிவிபி-டி முறையில் எந்தப் பண்பேற்றம் (தகவலை அலையில் ஏற்றும் விதம்), எவ்வளவு பிழைதிருத்தம் என்பதைப் பொறுத்து இந்த எல்லை மாறும். வழக்கமான அமைப்புகளில் அதுவும் இதற்குச் சற்று மேலேதான். காற்றடிக்கும்போது உங்கள் படம் உடைகிறது என்றால், நீங்கள் அந்த விளிம்பில் கால் வைத்து நிற்கிறீர்கள்.

சரி, ஒரு டிவிக்கு உண்மையில் எவ்வளவு சிக்னல் போதும்? 6 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் வெப்பத்தால் வரும் அடிப்படை இரைச்சல் மைனஸ் 106 டிபிஎம். (ஒரு மில்லிவாட் என்பது பூஜ்யம் டிபிஎம்.) டியூனர் தன் பங்குக்கு ஒரு 7 டெசிபல் இரைச்சல் சேர்க்கும். அதற்கு மேல் அந்த 15 டெசிபல் வேண்டும். கூட்டிப் பார்த்தால் மைனஸ் 84. ஏடிஎஸ்சி அமைப்பின் பரிந்துரையும் மைனஸ் 83 வரை டிவி தாங்க வேண்டும் என்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். கோபுரத்தின் பயனுறு சக்தி 100 கிலோவாட், அலைவரிசை 600 மெகாஹெர்ட்ஸ், தூரம் 8 கிலோமீட்டர், நடுவில் தடையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் சுமார் 106 டெசிபல் கரைந்துபோகும். 10 டெசிபல் பெருக்கமுள்ள ஆன்டெனாவின் முனையில் கிடைப்பது மைனஸ் 14 டிபிஎம். தேவைப்பட்டது மைனஸ் 84. இடையில் 70 டெசிபல், அதாவது ஒரு கோடி மடங்கு. கட்டிடமும் மரமும் சேர்ந்து 30 டெசிபலைத் தின்றாலும் மிச்சம் தாராளம். இதற்கு மேல் 20 டெசிபல் பூஸ்டர் போட்டால், தடையில்லாத கணக்கில் ஒவ்வொரு சேனலும் பிளஸ் 6 டிபிஎம் அளவில் டியூனருக்குள் பாய வேண்டும். அதே பரிந்துரை டிவி தாங்க வேண்டிய மேல் எல்லையாகச் சொல்வது மைனஸ் 5. கோபுரத்தில் ஆறு சேனல் இருந்தால் மொத்தம் இன்னும் 8 டெசிபல் கூடும். சொல்லப்போனால் டியூனருக்கு முன்பே அந்தப் பூஸ்டர்தான் திணறியிருக்கும்.

திணறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம். எந்தப் பெருக்கியும் ஓர் அளவு வரைதான் நேர்கோட்டில் வேலை செய்யும். அளவு மீறினால் உள்ளே இருக்கும் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து, வானத்தில் இல்லாத புதுச் சரக்கைத் தயாரிக்கும். அதில் பொல்லாதது மூன்றாம் வரிசைக் கலப்பு. சேனல் 30-உம் 34-உம் பலமாக இருக்கின்றன என்று வையுங்கள். 30-ஐ இரட்டித்து 34-ஐக் கழித்தால் 26. 34-ஐ இரட்டித்து 30-ஐக் கழித்தால் 38. இந்த இரண்டு இடங்களிலும் குப்பை விழும். அனலாக் காலத்தில் இந்தக் குப்பை கோடாகவோ அலையாகவோ திரையில் தெரிந்தது, ஆள் பிடித்துவிடலாம். டிஜிட்டல் சிக்னல்கள் கலந்தால் பிறப்பது இரைச்சல் மாதிரியே இருக்கும், அகலமாகப் பரவும், அக்கம்பக்கச் சேனல்களிலும் சிந்தும். அளவுகருவியில் பார்த்தால் இரைச்சல் தளம் உயர்ந்த மாதிரிதான் தெரியும். பார்க்கிறவர் "இரைச்சல் அதிகம், சிக்னல் பத்தவில்லை" என்று நினைத்து இன்னொரு பூஸ்டர் வாங்குவார். இப்படி இரண்டு பூஸ்டரை வரிசையாக மாட்டியிருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உள்ளே வரும் எல்லாவற்றையும் ஒரு டெசிபல் குறைத்தால் நல்ல சிக்னல் ஒரு டெசிபல் குறையும், கலப்புக் குப்பை மூன்று டெசிபல் குறையும். நிகர லாபம் இரண்டு. 6 டெசிபல் குறைத்தால் லாபம் 12. விளிம்பில் ஒரு டெசிபலுக்குத் தவிக்கிற இடத்தில் 12 என்பது பெரும் செல்வம்.

ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக்கு இதற்காகவே போனேன். கையில் கொண்டுபோனது சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்று மட்டும்: சுண்டுவிரல் நுனி அளவு உலோக உருளை, ஒரு பக்கம் கேபிள், மறுபக்கம் டிவி. அதைத் திருகியதும் வலிமைப் பட்டை 92-இலிருந்து எழுபத்துச் சொச்சத்துக்கு விழுந்தது, உறைந்து கிடந்த செய்தி வாசிப்பாளர் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரர் நம்பவில்லை. கழற்றச் சொன்னார், படம் போனது. மாட்டச் சொன்னார், வந்தது. மூன்றாவது தடவை தானே கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "சிக்னலைக் குறைச்சா எப்படிங்க படம் வரும்?" என்றார். நாலு பேர் ஒரே நேரத்தில் காதருகே கத்தினால் யார் பேசுவதும் புரியாது, எல்லாரும் குரலைத் தாழ்த்தினால் புரியும் என்றேன். துல்லியமான உவமை இல்லைதான், ஆனால் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பூஸ்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது, நீளமான கேபிளின் இழப்பை ஈடுகட்டுவது. கேபிள் 6 டெசிபல் தின்கிறது, டியூனரின் இரைச்சல் 7 டெசிபல் என்றால் ஆன்டெனா முனையிலிருந்து பார்க்கிற மொத்த இரைச்சல் 13 டெசிபல். 2 டெசிபல் இரைச்சலும் 15 டெசிபல் பெருக்கமும் உள்ள பூஸ்டரைக் கம்பத்தில், ஆன்டெனாவை ஒட்டியே கட்டினால் இந்த 13 என்பது சுமார் 3.4 ஆக இறங்கும். அதே பூஸ்டரைக் கொண்டுவந்து டிவிக்குப் பின்னால் வைத்தால் 8.3. கேபிளில் தொலைந்ததைக் கேபிளுக்குப் பிறகு மீட்க முடியாது. தூரத்துக் கோபுரம், பலவீனமான சிக்னல், கம்பத்தில் கட்டிய நல்ல பூஸ்டர் என்றால் அது தங்கம். பக்கத்திலேயே கோபுரம் இருக்கிற வீட்டில் அதுவே விஷம். ஒரு பக்கம் பலமான கோபுரம், மறுபக்கம் தூரத்துக் கோபுரம், இரண்டும் வேண்டும் என்பவர்கள் நிலைதான் பாவம். பூஸ்டருக்கு முன்னால் பலமான சேனல்களை மட்டும் அடக்கும் வடிகட்டி போட்டால்தான் அங்கே வழி பிறக்கும்.

அடுத்து, பழைய பாக்ஸ் தாக்குப்பிடிக்கிறது, புது டிவி ஏன் திணறுகிறது? காரணம் பெரும்பாலும் டியூனரின் முன்வாசலில் இருக்கிறது.

பழைய டியூனர் தகரடப்பா வடிவில் இருக்கும், நாங்கள் கேன் டியூனர் என்போம். உள்ளே கம்பிச் சுருள்களும், மின்னழுத்தத்தால் அலைவரிசையை நகர்த்தும் வராக்டர் டையோடுகளும் இருக்கும். நீங்கள் சேனல் மாற்றும்போது அதன் வடிகட்டியும் கூடவே நகர்ந்து, வேண்டிய சேனலைச் சுற்றியுள்ளதை மட்டும் உள்ளே விட்டு, தள்ளியிருக்கிற பலசாலிகளை வாசலிலேயே ஓரளவு தடுத்துவிடும். இதில் வேறொரு குறை உண்டு. டியூனர் ஒவ்வொரு சேனலையும் இறக்கிவைக்கும் இடைநிலை அலைவரிசை 44 மெகாஹெர்ட்ஸ் என்றால், வேண்டிய சேனலுக்கு 88 மெகாஹெர்ட்ஸ் மேலே இருப்பதும் அதே இடத்தில் வந்து விழும். அதாவது 6 மெகாஹெர்ட்ஸ் சேனல்களில் 14 அல்லது 15 எண் தள்ளியிருப்பது. ஐரோப்பிய 36 மெகாஹெர்ட்ஸ், 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் கணக்கில் 9 எண் தள்ளியிருப்பது. இதை பிம்பச் சேனல் என்பார்கள். வடிகட்டி நன்றாகச் சீரமைக்கப்பட்டிருந்தால் அதுவும் அடங்கும். ஒவ்வொரு டப்பாவின் சுருளையும் கையால் நெம்பிச் சீரமைத்த காலம் அது.

பிம்பத் தொல்லையை ஒழிக்க இரட்டை மாற்று டியூனர் வந்தது. முதலில் எல்லாவற்றையும் ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்கும் மேலே தூக்கி, அங்கே வடிகட்டி, மறுபடி கீழே இறக்கும். பிம்பம் ஒழிந்தது, ஆனால் வாசல் அகலத் திறந்துகொண்டது. முதல் கலப்பி (அலைவரிசையை மாற்றும் சுற்று) எல்லாச் சேனலையும் ஒரே நேரத்தில் தாங்கியாக வேண்டும். அப்புறம் சிலிக்கான் டியூனர்: நகத்தளவுச் சில்லு, சுருளும் இல்லை, சீரமைப்பும் இல்லை, விலையும் சல்லிசு. தொடக்ககாலச் சில்லுகளில் பல, முன்வாசல் வடிகட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டின. பின்னால் வந்தவற்றில் சில்லுக்குள்ளேயே நகரும் வடிகட்டி, அலைமடங்குகளைத் தவிர்க்கும் கலப்பி என்று நிறைய தேறிவிட்டது. நல்ல சிலிக்கான் டியூனர் இன்று கேன் டியூனரைத் தோற்கடிக்கும். ஆனால் டிவி வாங்குகிறவர் திரையின் அளவைப் பார்க்கிறார், எந்த டியூனர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில்தான் தயாரிப்பாளர் செலவைக் குறைப்பார். உங்கள் புது டிவியில் எது இருக்கிறதென்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பூஸ்டர் போட்டதும் மோசமானது, பழைய பாக்ஸ் தாங்குகிறது என்ற இரண்டும் சேரும்போது என் சந்தேகம் அங்கேதான் போகிறது.

ஒரே கோபுரத்துச் சேனல்களில் ஒன்று நன்றாகவும் ஒன்று வராமலும் இருப்பதற்குக் கலப்புக் குப்பை ஒரு காரணம். இன்னொரு காரணம் எதிரொலி.

நேராக வரும் அலையும், எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஆன்டெனாவில் சந்திக்கின்றன. சில அலைவரிசைகளில் இரண்டும் கைகோக்கும், சிலவற்றில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழிவு விழும் பள்ளங்களின் இடைவெளி, எதிரொலி எவ்வளவு தாமதம் என்பதன் தலைகீழ். எதிரொலி 300 மீட்டர் சுற்றி வந்தால் தாமதம் ஒரு மைக்ரோ விநாடி, பள்ளங்கள் 1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்று. ஒரு சேனலுக்குள்ளேயே ஐந்தாறு பள்ளம் விழும், ஆனால் மொத்தச் சேனலும் மூழ்காது. எதிரொலி வெறும் 15 மீட்டர் சுற்றினால் பள்ளங்கள் 20 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்று. அப்போது ஒரு முழுச் சேனலும் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிடும், ஒன்றிரண்டு சேனல் தள்ளியிருப்பது மேட்டில் ஜோராக நிற்கும். அதனால்தான் தண்ணீர்த் தொட்டியோ, தகரக் கூரையோ, பக்கத்துச் சுவரோ தொலைதூர மலையைவிட அதிகத் தொந்தரவு தரும்.

இதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது. அலைவரிசை அலசும் கருவியை ஆன்டெனாவோடு இணைத்தால் ஒவ்வொரு டிஜிட்டல் சேனலும் தட்டையான மேடை மாதிரி தெரிய வேண்டும். நான் பார்த்த ஒரு கூரையில் ஒரு மேடையின் நடுவில் ஆழமான கீறல். ஆன்டெனாவைக் கம்பத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தேன். கீறல் ஊர்ந்து ஊர்ந்து அடுத்த சேனலுக்குப் போனது. இரண்டடி நகர்வதற்குள் யாரும் பயன்படுத்தாத காலி இடத்தில் போய் விழுந்தது. அங்கேயே கம்பத்தை நட்டோம். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர்தான். 20, 25 சென்டிமீட்டர் நகர்த்தினாலே சங்கதி தலைகீழாக மாறலாம். மேலே ஏற்றினால்தான் நல்லது என்பதும் எப்போதும் உண்மையல்ல, சில சமயம் ஒரு முழம் இறக்கினால் தெளியும்.

எதிரொலியை டிவி எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் ஏடிஎஸ்சி, டிவிபி-டி என்ற இரண்டு முறைகளும் இருவேறு வழி போயின. ஏடிஎஸ்சி ஒரே கேரியரில் (தகவலைச் சுமக்கும் அலை) விநாடிக்கு 1.076 கோடி குறியீடு (தகவலின் சிறு துண்டு) அனுப்புகிறது. ஒவ்வொன்றும் 93 நானோ விநாடி. 50 மைக்ரோ விநாடி தாமதமான எதிரொலி வந்தால், இப்போதைய குறியீட்டின் மேல் ஐந்நூறு குறியீடுகளுக்கு முந்தையது வந்து ஏறும். அதைச் சமன்செய்யும் சுற்று, ஈக்குவலைசர், எதிரொலியின் அளவையும் தாமதத்தையும் கணித்துக் கழித்தாக வேண்டும். கணிக்க உதவியாக 24 மில்லி விநாடிக்கு ஒருமுறை தெரிந்த ஒரு குறியீட்டு வரிசை அனுப்பப்படுகிறது. அந்த இடைவெளிக்குள் நிலவரம் மாறினால், மரம் ஆடினால், விமானம் கடந்தால், அறைக்குள் ஆன்டெனா இருந்து நீங்கள் எழுந்து நடந்தால், ஈக்குவலைசர் ஊகத்தில்தான் ஓட வேண்டும். தன் முந்தைய முடிவுகளை வைத்தே அது கழிக்கிறது என்பதால், ஒரு முடிவு தப்பினால் தப்புகள் தொடரும் அபாயமும் உண்டு. நேரடி அலை மறைக்கப்பட்டு, தாமதமாக வரும் எதிரொலி பலமாக இருந்தால் இன்னும் சிக்கல். அப்போது முதலில் வரும் பலவீனமான அலைதான் எதிரொலி ஆகிவிடுகிறது.

முதல் தலைமுறை டிவிகள் இதில் நொண்டின. 1999-இல் சிங்க்ளேர் என்ற ஒளிபரப்பு நிறுவனம் அமெரிக்க நகரமான பால்டிமோரில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுக் காட்டி, ஐரோப்பிய முறையையும் அனுமதிக்கச் சொல்லி அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனுப் போட்டது. 2000 பிப்ரவரியில் மனு தள்ளுபடி. குறை முறையில் இல்லை, டிவியின் தயாரிப்பில்தான் என்ற தரப்பு வென்றது. பாதி உண்மை அது. பின்னர் வந்த ஈக்குவலைசர்கள் முன்னும் பின்னும் 50 மைக்ரோ விநாடி வரை சமாளித்தன. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் வானிலிருந்து அப்படியே பதிவு செய்த 50 சிக்னல்களை ஆய்வகத்தில் ஓட்டி டிவியைச் சோதிக்கும் பரிந்துரையும் வந்தது. என் கணக்கில் அந்தப் பதிவுகள் செய்த நன்மை எந்தக் கோட்பாட்டையும்விட அதிகம். வடிவமைப்பாளர்கள் தாங்களே கற்பனை செய்த எதிரொலியோடு சண்டை போடுவதை நிறுத்தினார்கள்.

டிவிபி-டியின் வழி வேறு. ஒரே வேகமான கேரியருக்குப் பதில் ஆயிரக்கணக்கான மெதுவான கேரியர்கள். 8 மெகாஹெர்ட்ஸ் சேனலின் 8கே அமைப்பில் (திரையின் 8கே அல்ல) 6817 கேரியர், ஒவ்வொரு குறியீடும் 896 மைக்ரோ விநாடி நீளம். குறியீடுகளுக்கு நடுவே காவல் இடைவெளி ஒன்று, அதிகபட்சம் 224 மைக்ரோ விநாடி. அலை அதற்குள் 67 கிலோமீட்டர் போய்விடும். அந்த இடைவெளிக்குள் வரும் எதிரொலி சில கேரியர்களைப் பள்ளத்தில் தள்ளும், அவ்வளவுதான். மற்றவற்றிலிருந்து பிழைதிருத்தம் தகவலை மீட்டுவிடும். இதனால்தான் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை அனுப்ப முடிகிறது. ஆனால் இங்கும் டிவிக்கு வேலை உண்டு. வந்திருக்கும் பல எதிரொலிகளில் எதிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று அதுதான் முடிவெடுக்க வேண்டும். தப்பான இடத்தில் ஜன்னலைத் திறந்தால் காவல் இடைவெளி இருந்தும் பயனில்லை. இரண்டு கோபுரத்துக்கு நடுவே வீடு இருந்து, ஒரு டிவியில் வருவது இன்னொன்றில் வராவிட்டால் இதையும் சந்தேகப்படலாம். கேரியர்கள் ஒன்றுக்கொன்று 1116 ஹெர்ட்ஸ் தூரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பதால், டியூனரின் உள் அலையாக்கி நடுங்கினாலும் பிடிக்காது.

2009-இல் வந்த டிவிபி-டி2, எல்டிபிசி என்ற வலுவான பிழைதிருத்தத்தோடு இதே வழியில் ரொம்ப தூரம் போனது. கடைசியில் அமெரிக்காவும் ஏடிஎஸ்சி 3.0-இல் பல கேரியர் முறைக்கே வந்து சேர்ந்தது, 2017-இல் அனுமதி. பால்டிமோர் மனு பதினேழு பதினெட்டு வருடம் கழித்து, அன்று தோற்ற தரப்புக்குச் சாதகமாக முடிந்த மாதிரிதான்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதே அறிகுறியோடு வரும் வேறு சில ஆசாமிகளையும் சொல்லிவிடுகிறேன். விஎச்எஃப் (டிவியின் தாழ்ந்த அலைவரிசைப் பகுதி) சேனல்களில் முதல் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மட்டமான எல்ஈடி விளக்கு, சார்ஜர், மோட்டார். அலைவரிசை குறையக் குறைய இந்த மின்சத்தம் கூடும். 2009 ஜூன் 12-இல் அமெரிக்காவில் அனலாக் நின்றபோது சில நிலையங்கள் பழைய விஎச்எஃப் எண்ணுக்கே டிஜிட்டலில் திரும்பின. பிலடெல்பியாவில் சேனல் 6 வரவில்லை என்று புகார் குவிந்து, சக்தியை உயர்த்த அனுமதி தர வேண்டியதாயிற்று. அந்த அலைவரிசையில் அரை அலைநீளமே 1.76 மீட்டர். உள்ளங்கை அகல "டிஜிட்டல் ஆன்டெனா" அதை எங்கே பிடிக்கும்? (டிஜிட்டல் ஆன்டெனா என்று ஒன்று கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலோகத்துக்கு டிஜிட்டல் தெரியாது. 1926-இல் யாகியும் உடாவும் வடிவமைத்த அதே ஆன்டெனா இன்றும் முதல்தரம்.) கைபேசிக் கோபுரங்கள் இன்னொரு ஆசாமி. டிவிக்கு இருந்த 800, 700, 600 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் பல நாடுகளில் கைபேசிக்குப் போய்விட்டன, பழைய பூஸ்டர்களோ அவற்றையும் சேர்த்தே பெருக்குகின்றன. இதற்கான வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் வெந்த சோற்றில் கல் பொறுக்குவது போலத்தான். எச்டிஎம்ஐ கேபிளையும் விடாதீர்கள். முழு எச்டி படத்துக்கு அதில் ஓடும் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ், அதன் நான்காம் மடங்கு 594, நேராக யுஎச்எஃப் (டிவியின் உயர்ந்த அலைவரிசைப் பகுதி) சேனல்களுக்குள் விழும். உறை சரியில்லாத கேபிள் ஆன்டெனா வயரை உரசிக்கொண்டு போனால் ஒரே ஒரு சேனல் மட்டும் காரணமில்லாமல் சாகும். அமைதியான, காற்றில்லாத இரவுகளில் மட்டும் பிரச்சினை வந்தால் வளிமண்டலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்தை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவருகிறது என்று பொருள். அதற்கு டிவியில் வைத்தியம் இல்லை, விடிந்தால் சரியாகிவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பூஸ்டரைக் கழற்றுங்கள். மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு வரிசையிலேயே விட்டால் அது சிக்னலை அடைத்துக்கொள்ளும், அதனால் முழுசாகவே எடுத்துவிடுங்கள். கேபிளின் இரு முனையையும் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தாலோ, பின்னல் உறையின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ மேலே சொன்ன எதுவும் தேவையில்லை, முனையை வெட்டிப் புதுசாகப் போட்டால் முடிந்தது. பிறகு 6 அல்லது 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றை டிவியின் வாசலில் மாட்டி, சேனல்களை மறுபடி தேடவிடுங்கள். அட்டெனுவேட்டர் கிடைக்காவிட்டால் இருவழிப் பிரிப்பான் ஒன்றும் ஏறக்குறைய 3.5 டெசிபல் குறைக்கும். இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் 7. மீதிக் காலி முனைகளில் 75 ஓம் மூடி இருந்தால் நல்லது.

படம் தெளிந்தால் வியாதி தெரிந்துவிட்டது. அந்த உருளையை அப்படியே விட்டுவிடலாம், அதுதான் மருந்தும். சில சேனல் தெளிந்து சில இன்னும் உடைந்தால், தரப் பட்டையைப் பார்க்க ஒருவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு ஆன்டெனாவைச் சாண் சாணாக நகர்த்துங்கள். கோபுரத்துக்கு நேராகத்தான் திருப்ப வேண்டும் என்றில்லை. எதிரொலி வரும் திசைக்கு முதுகையோ விலாவையோ காட்டும்படி கொஞ்சம் கோணலாக வைத்தால், நேரடி சிக்னல் ஒன்றிரண்டு டெசிபல் குறைந்தாலும் எதிரொலி பத்து டெசிபல் அடங்கலாம். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் பத்து விநாடி பொறுங்கள், டிவி பிடிமானத்துக்கு வர நேரம் எடுக்கும். அட்டெனுவேட்டர் போட்டதும் எல்லாச் சேனலும் சேர்ந்து இறந்துபோனால் நான் சொன்ன நோயறிதல் தப்பு, உங்களுக்கு நிஜமாகவே சிக்னல் குறைவு. அப்படியானால் பூஸ்டர் எங்கே கட்டியிருந்தது, கேபிள் எத்தனை மீட்டர், வராத சேனல்களின் எண் என்ன என்ற மூன்றையும் எழுதுங்கள். அந்த எண்களைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.